மலையுச்சியில் ஒரு தரிப்பிடம்

சுவிற்சர்லாந்தில் வாழும் நம்மவரின் வீடுகளிற் பெரும்பாலானவற்றில் ஒரு புகைப்படம் இருக்கும். ஊரிலிருந்தோ கனடாவிலிருந்தோ வந்த உறவினரை மலைக்கு அழைத்துச் சென்று, வெண்பனிக்கு நடுவே நிறுத்தி எடுத்த படம் அது. கம்பளித் தொப்பிக்குள் முகம் பாதி மறைந்திருக்கும். பின்னாலே சிகரம் தெரியும். அந்தப் படத்தில் ஒருபோதும் தெரியாத ஒன்று உண்டு. அவர்கள் நிற்கும் தளமும், அவர்களை அங்கே கொண்டுவந்து இறக்கிய கட்டடமுமே அது. மூவாயிரம் மீற்றர் உயரத்தில், புல்லும் முளைக்காத பாறையின் மேல், மின்விளக்கும் வெந்நீரும் கழிப்பறையும் கொண்ட ஒரு கட்டடம் எவ்வாறு எழுந்தது? அதனை எழுப்பியோர் யாவர்? அக்கட்டடம் மலைக்கு என்ன செய்தது? மலை அதற்கு என்ன செய்கின்றது? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது பொறியியலாளருக்கு மட்டும் உரிய செய்தி என எவரும் எண்ணவேண்டியதில்லை. இந்நாட்டு வரலாற்றின் பெரும்பகுதி, மலையோடு மனிதர் நடத்திய பேரத்தின் வரலாறாகும். கணவாய், சுரங்கம், அணைக்கட்டு, புகையிரதம் என அது நீளும். கம்பிவட ஊர்தியும் அதன் நிலையங்களும் அவ்வரலாற்றின் அண்மைக்கால அத்தியாயங்கள். நம் பிள்ளைகள் இங்குள்ள பாடசாலைகளிற் பயின்று, பலர் குடியுரிமையும் பெற்று, வாக்களிக்கும் வயதை அடைந்துவிட்டனர். மலையில் எதைக் கட்டலாம், எதைக் கட்டலாகாது என்பது இந்நாட்டில் வாக்குச்சீட்டின் முன் வந்து நிற்கும் விடயமாகையால், அதன் முன்கதையை அவர்களும் நாமும் அறிந்திருத்தல் நன்று.

சணற்கயிறும் இரும்புக் கம்பியும்

கயிற்றிலே பாரத்தைத் தொங்கவிட்டுப் பள்ளத்தைக் கடக்கும் வழக்கம் மிகப் பழையது. ஐரோப்பாவில் அதனை ஒரு பெரும் பணிக்குப் பயன்படுத்தியவர்களுள் அடம் வீபே என்னும் ஒல்லாந்தப் பொறியியலாளர் குறிப்பிடத்தக்கவர். 1644 ஆம் ஆண்டில், போல்ரிக் கடலோரத்து டான்சிக் நகரின் அரணைக் கட்டும்பொருட்டு, சுழன்றுகொண்டேயிருக்கும் கயிறொன்றிற் கூடைகளைத் தொங்கவிட்டு, அருகிலிருந்த குன்றிலிருந்து மண்ணை அவர் நகருக்குக் கொண்டுவந்தார். ஆயினும் சணற்கயிறு மழையில் நனையும், உக்கும், பெரும்பாரம் தாங்காது. அதனை நம்பி மனிதரை ஆகாயத்தில் ஏற்றுதல் இயலாதிருந்தது.

இத்தடையை நீக்கியது மலையன்று, சுரங்கமே. ஜேர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதியிலுள்ள கிளௌஸ்தால் என்னும் இடத்தில் வெள்ளிச் சுரங்கங்கள் இருந்தன. ஆழத்திலிருந்து தாதுப்பொருளை மேலே இழுக்கும் இரும்புச் சங்கிலிகள் அடிக்கடி அறுந்தன. சங்கிலியின் ஒரு வளையம் முறிந்தால் முழுச் சங்கிலியும் முறிந்ததாகும், முன்னறிவித்தலும் இராது. அங்கே சுரங்க அதிகாரியாக இருந்த வில்ஹெல்ம் அல்பேர்ட், 1834 ஆம் ஆண்டில், நான்கு இரும்புக் கம்பிகளை முறுக்கி ஒரு புரியாகவும், மூன்று புரிகளை முறுக்கி ஒரு வடமாகவும் ஆக்கினார். அவ்வடத்தில் ஒரு கம்பி அறுந்தாலும் மற்றைய பதினொன்றும் பாரத்தைத் தாங்கும். அறுந்த கம்பி கண்ணுக்குத் தெரியும். வடத்தை மாற்றுவதற்கு அவகாசமும் கிடைக்கும். இன்று நாம் ஏறிச்செல்லும் ஒவ்வொரு கம்பிவட ஊர்தியும் இந்த எளிய எண்ணத்திலேயே தொங்குகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சரக்கு ஏற்றும் கம்பிவடங்கள் உலகெங்கும் பரவின. இலங்கையின் மலையகத்துத் தோட்டங்களிற் கொழுந்து மூடைகளைச் சரிவிலிருந்து தொழிற்சாலைக்கு இறக்கிய கம்பிகளும் அவ்வழி வந்தவையே. மனிதரை ஏற்றிய வடங்கள் அதன் பின்னரே தோன்றின.

வெற்றர்ஹோர்னும் முதற் கண்டனங்களும்

1907 ஆம் ஆண்டில் லெயொனார்டோ டொரெஸ் கெவெடோ என்னும் ஸ்பானியப் பொறியியலாளர், சான் செபஸ்தியான் நகருக்கருகே மனிதரை ஏற்றும் கம்பிவட ஊர்தியொன்றை இயக்கிக் காட்டினார். அவரே வடிவமைத்து, 1916 இல் கனடாவின் நயாகராவில் நீர்ச்சுழிக்கு மேலாக ஓடத்தொடங்கிய ஊர்தி இன்றும் ஓடுகின்றது. கனடாவிலுள்ள நம் உறவினரிற் சிலர் அதில் ஏறியும் இருப்பர்.

அல்ப்ஸ் மலைத்தொடரில் 1908 ஆம் ஆண்டு திருப்புமுனையாக அமைந்தது. அவ்வாண்டில் தென்ரிரோலின் பொல்சானோ நகருக்கு மேலுள்ள கோலேர்ன் மலைக்கு ஓர் ஊர்தி ஏறியது. அதே கோடையில், யூலை 27 ஆம் நாள், சுவிற்சர்லாந்தின் கிறின்டெல்வால்டில் வெற்றர்ஹோர்ன் ஊர்தி திறந்துவைக்கப்பட்டது. அதனை வடிவமைத்த கேல்ன் நகரப் பொறியியலாளர் வில்ஹெல்ம் பெல்ட்மன், அது நிறைவுறுவதைக் காணாமலே 1905 இற் காலமாகிவிட்டார். செங்குத்தான பாறைமுகத்தின் வழியே ஏறத்தாழ 420 மீற்றர் உயரத்தை அவ்வூர்தி சில நிமிடங்களிற் கடந்தது. சிகரம் வரையிலும் படிப்படியாக ஏறுவதே திட்டம். ஆனால் முதற் படியோடு அது நின்றுவிட்டது. 1914 இல் உலகப்போர் மூண்டது. உல்லாசப் பயணிகள் வராமற் போயினர், வருமானம் அற்றது, ஊர்தி நின்றது. பயன்பாடின்றிக் கிடந்த அதனை 1934 இற் பிரித்து அகற்றினர். பாறையோடு ஒட்டிக் கட்டப்பெற்ற மேல் நிலையத்தின் கற்கட்டடம் மட்டும் இன்றும் அங்கே நிற்கின்றது.

அந்த இடிபாடு ஒரு பாடநூல் போன்றது. மலையுச்சி நிலையத்தைத் தாங்குவது பாறை மட்டுமன்று. எங்கோ தொலைவிலுள்ள நகரங்களிலிருந்து வரும் மனிதரும் அவர்களது பணப்பையும் அதனைத் தாங்குகின்றனர். அவர்கள் வராத நாளிற் கட்டடம் வெறும் கல்லாகிவிடும். கட்டும்போதே, கைவிடப்படும் நாளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்னும் அறிவு உலகுக்கு வருவதற்கு இன்னும் பல பத்தாண்டுகள் சென்றன.

அக்காலத்திலேயே எதிர்ப்புக் குரலும் எழுந்தது. 1905 இல் சுவிஸ் மரபுரிமைப் பாதுகாப்புச் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. மற்றர்ஹோர்ன் சிகரத்தின் உச்சி வரையிலும் புகையிரதம் அமைப்பதற்கு அனுமதி கோரப்பட்டபோது, அச்சங்கம் நாடெங்கும் கையொப்பம் திரட்டியது. ஏறத்தாழ 70,000 பேர் கையொப்பமிட்டனர். அப்புகையிரதம் கட்டப்படவேயில்லை. இன்று சொக்கலேற் பெட்டியிலும் அஞ்சலட்டையிலும் நாம் காணும் மற்றர்ஹோர்ன், உச்சியில் நிலையமின்றித் தன் இயல்பான வடிவத்தோடு நிற்பது தற்செயலாக நிகழ்ந்ததன்று.

போர் தந்த அறிவு

தென்ரிரோலைச் சேர்ந்த லூயிஸ் சுவெக் என்னும் பொறியியலாளர், 1912 இற் லானா என்னும் ஊரிலிருந்து விகில்யோக் மலைக்கு ஓடிய ஊர்தியில் ஈடுபட்டவர். தாங்கு வடத்தை முன்னிலும் இறுக்கமாக இழுத்துக் கட்டினால் அதன் தேய்வு குறையும் என்பதையும், அதனாற் குறைந்த கோபுரங்களோடு நெடுந்தூரம் கடக்கலாம் என்பதையும் அவர் கண்டறிந்தார். கோபுரம் குறைந்தால் மலையிலே தோண்டும் குழியும் குறையும், செலவும் குறையும்.

அவ்வறிவு முதலிற் பயன்பட்டது போருக்கே. 1915 முதல் 1918 வரை இத்தாலியப் படையும் ஒஸ்ரிய-ஹங்கேரியப் படையும் அல்ப்ஸ் மலைகளின் முகடுகளிலும் பனிக்கட்டியாறுகளிலும் எதிரெதிரே நின்று போரிட்டன. வெடிபொருள், உணவு, விறகு யாவும் கம்பிவடத்தின் வழியே மேலே சென்றன. காயப்பட்டோர் அதே வடத்தின் வழியே கீழே இறக்கப்பட்டனர். கடும்பனியிலும் புயலிலும் எவ்வாறு நிலையம் அமைப்பது, எவ்வாறு வடத்தைப் பேணுவது என்பதை இருதரப்புப் பொறியியலாளரும் உயிர்விலை கொடுத்துக் கற்றனர். போர் முடிந்தபின் அவ்வறிவு ஊருக்குத் திரும்பியது. 1926 இல் ஒஸ்ரியப் பக்கத்திலிருந்து சுக்ஸ்பிற்ச மலைக்கும், 1927 இல் எங்கெல்பேர்க்கிற்கு மேலுள்ள திறூப்சே ஏரிக்கும், 1935 இல் 2,502 மீற்றர் உயரமான சென்ரிஸ் மலைக்கும் ஊர்திகள் ஏறின. போரை அறிந்த நமக்கு இது வியப்பன்று. குண்டும் காயமும் ஏறியிறங்கிய வடத்திற் பின்னர் உல்லாசப் பயணி ஏறினார். அவருக்கு அவ்வடத்தின் பழங்கதை தெரிந்திருக்கவில்லை.

சிகரத்தை எட்டிய காலம்

இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் ஐரோப்பாவில் ஊதியமும் விடுமுறையும் பெருகின. பனிச்சறுக்கு, செல்வந்தரின் பொழுதுபோக்கு என்ற நிலையிலிருந்து பொதுமக்களின் விளையாட்டாயிற்று. 1955 இற் பிரான்சின் சமோனி நகரிலிருந்து எகுயி டு மிடி சிகரத்திற்கு ஊர்தி ஓடியது. 1,035 மீற்றர் உயரத்தில் ஏறுபவர் 3,777 மீற்றர் உயரத்தில் இறங்குவர். நடு நிலையத்திலிருந்து உச்சி வரையிலான பகுதியில் இடையிலே ஒரு கோபுரமும் இல்லை; ஏறத்தாழ 1,450 மீற்றர் ஏற்றத்தை வடம் ஒரே வீச்சிற் கடக்கின்றது. 1967 இல் பேர்ண் மாநிலத்தின் ஷில்ற்ஹோர்ன் உச்சிக்கு ஊர்தி ஏறியது. அதன் சுழலும் உணவகம் 1969 இல் வெளிவந்த ஜேம்ஸ் பொண்ட் திரைப்படமொன்றால் உலகப் புகழ் பெற்றது. 1979 இற் சேர்மற்றுக்கு மேலுள்ள சிறிய மற்றர்ஹோர்னில், 3,821 மீற்றர் உயரத்தில், ஐரோப்பாவின் மிக உயர்ந்த நிலையம் திறக்கப்பட்டது. அங்கே நிலையத்தின் ஒரு பகுதி பாறைக்குள்ளேயே குடையப்பட்டது.

இத்தகைய ஊர்தி இயங்கும் முறையைச் சற்று விளக்குதல் தகும். தடித்த தாங்கு வடங்கள் அசையாது நிற்கும். அவற்றின் மேல் ஊர்தியின் சில்லுகள் உருளும். மெல்லிய இழுவை வடம் ஊர்தியை இழுக்கும். இரண்டு ஊர்திகள் ஒரே இழுவை வடத்தின் இரு முனைகளிற் பிணைக்கப்பட்டிருக்கும். ஒன்று இறங்கும்போது மற்றையது ஏறும். கிணற்றுத் துலாவைப் போல, இறங்குவதன் பாரம் ஏறுவதற்கு உதவுவதால், மின்மோட்டார் இரண்டுக்குமிடையிலுள்ள வேறுபாட்டை மட்டும் ஈடுசெய்தாற் போதும். இறங்கும் பாரம் மிகுதியாக உள்ள வேளையில் மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறி, மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கவும் வல்லது. மலைக்கு வீதி வெட்டி வாகனம் விடுவதைவிட இம்முறை மலையை மிகக் குறைவாகவே காயப்படுத்துகின்றது.

ஆயினும் உச்சி நிலையத்தின் கதை வேறு. ஊர்தி சிக்கனமானது; கட்டடமோ அவ்வாறன்று. அக்காலத்து நிலையங்கள் கோட்டைகளைப் போலக் கொங்கிறீற்றால் எழுந்தன. 3,800 மீற்றர் உயரத்திற் காற்றழுத்தம் கடல்மட்டத்திலுள்ளதன் மூன்றிலிரண்டு பங்கை எட்டாது. கோடையிலும் உறைபனி விழும். புயற்காற்று சுவரை அறையும். அங்கே ஒரு குவளை தேநீர் தருவதற்கும் தண்ணீரைப் பனியிலிருந்து உருக்கவோ கீழிருந்து கொண்டுவரவோ வேண்டும். கழிவுநீரைப் பாறை உறிஞ்சாது. குளிரில் அது தானாகவே மக்கிப்போவதுமில்லை. நூறு பேருக்கென அமைத்த இடத்திற்கு ஆயிரம் பேர் வந்தால், ஆயிரம் பேரின் கழிவும் மலைக்கே சேரும். இவற்றைக் குறித்து அக்காலத்தில் அதிகம் பேசப்படவில்லை.

உறைந்த நிலம் உருகும்போது

உயர்மலைகளின் உட்பகுதி ஆண்டு முழுவதும் உறைந்தே இருக்கும். தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் வெப்பநிலை சுழியப் பாகைக்கு மேலே எழாத நிலத்தை நிரந்தர உறைநிலம் என்பர். சுவிற்சர்லாந்தின் நிலப்பரப்பில் நூற்றுக்கு 3 முதல் 5 வரையான பகுதி இத்தகையது. பாறை வெடிப்புகளில் உறைந்துள்ள நீரே கற்களைப் பிணைத்து வைத்திருக்கும் சாந்தாகும். அந்தச் சாந்து இளகினாற் பாறை சரியும்.

இதனை அளந்தறியும் முயற்சியில் கிறபுண்டன் மாநிலத்தின் கோர்வாற்ஷ் மலைக்குத் தனியிடம் உண்டு. அங்கே 1987 ஆம் ஆண்டில் உறைநிலத்தைத் துளைத்து வெப்பமானிகளை இறக்கினர். அன்று தொடங்கிய அளவீடு இன்றும் தொடர்கின்றது. நிலம் வெப்பமடைந்து வருவதை அது காட்டுகின்றது. 2003 ஆம் ஆண்டின் கடுங்கோடையில் மற்றர்ஹோர்னிலேயே பாறைகள் பெயர்ந்து விழுந்தன. 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் சுவிஸ் பனிக்கட்டியாறுகள் தம் கனவளவில் ஏறத்தாழப் பத்திலொன்றை இழந்தன. 2025 மே 28 ஆம் நாள், வாலிஸ் மாநிலத்தின் பிளாற்றன் என்னும் கிராமத்தின் பெரும்பகுதியைப் பாறையும் பனிக்கட்டியும் மூடின. மலையின் அசைவைக் கண்காணித்து வந்தமையால் ஏறத்தாழ 300 பேரும் ஒன்பது நாள்களுக்கு முன்னரே வெளியேற்றப்பட்டிருந்தனர். ஒரே நாளில் ஊரை இழந்து, அயலூரில் அடைக்கலம் புகுந்த அம்மக்களின் துயரத்தை விளங்கிக்கொள்வதற்கு நமக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

உச்சி நிலையங்களைப் பொறுத்தவரையில் ஒரு முரண்பாடு உண்டு. பயணிகளுக்காகக் கட்டடத்தைச் சூடாக்கினால், அச்சூடு தரை வழியே கீழிறங்கித் தன் அத்திவாரத்தைத் தானே இளக்கும். கொங்கிறீற் இறுகும்போது வெளிவிடும் வெப்பமும் அவ்வாறே செய்யும். ஆகவே புதிய நிலையங்களிற் சில விதிகள் கைக்கொள்ளப்படுகின்றன. சூடான தளத்திற்கும் பாறைக்கும் இடையே தடித்த வெப்பக்காப்பு இடுதல், அல்லது குளிர்காற்று உலவும் வெளியொன்றை விடுதல். உருகுநீர் அத்திவாரத்தை அடையாதவாறு வடிகால் அமைத்தல். பாறைக்குள்ளே வெப்பமானி பதித்துக் கண்காணித்தல். தூண்களைப் பின்னர் உயர்த்தவும் நகர்த்தவும் இயலுமாறு அமைத்தல் என்பன அவற்றுள் முதன்மையானவை.

கடைசி விதிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு வாலிஸ் மாநிலத்தின் மோஸ்புளூ நிலையமாகும். அது அலெற்ஷ் பனிக்கட்டியாற்றின் கரைமேட்டில் உள்ளது. அல்ப்ஸின் மிகப்பெரிய பனிக்கட்டியாறான அது சுருங்கச் சுருங்க, அது முட்டுக்கொடுத்துத் தாங்கியிருந்த மலைச்சரிவு தாங்குவாரின்றி அசையத் தொடங்கியது. 2015 இல் அங்கே புதிய ஊர்தி அமைத்தபோது, அசையும் மலையை நிறுத்த முயலாமல், மலையோடு சேர்ந்து நகரத்தக்க நிலையத்தை அமைத்தனர். கிடையாக 11 மீற்றரும் நிலைக்குத்தாக 9 மீற்றரும் அதனைச் சரிசெய்து நகர்த்தலாம். அடுத்த ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே அச்சரிவு எதிர்பாராத விரைவோடு அசைந்தது, நடைபாதைகள் மூடப்பட்டன. நகரும் அத்திவாரம் வீண் ஆடம்பரமன்று என்பதை அனைவரும் கண்டனர்.

கட்டியோரின் கைகள்

வரலாற்று நூல்களிற் பொறியியலாளரின் பெயர் இருக்கும். கல் சுமந்தவரின் பெயர் இராது. இந்நாட்டு மலைகளிற் சுரங்கம் குடைந்தோரும் அணை கட்டியோரும் பெரும்பாலும் அயல்நாட்டவரே. 1896 முதல் 1912 வரை நடைபெற்ற யுங்பிறௌ புகையிரதப் பணியில் உழைத்தோருட் பெரும்பான்மையினர் இத்தாலியர்.

1965 ஆகஸ்ட் 30 ஆம் நாளை வாலிஸ் மாநிலத்து முதியோர் இன்றும் மறக்கவில்லை. மற்மார்க் என்னுமிடத்தில் அணை கட்டிக்கொண்டிருந்தபோது, அல்லலின் பனிக்கட்டியாற்றின் நுனி உடைந்து, நேர்கீழே அமைந்திருந்த தொழிலாளர் குடில்களின் மேல் விழுந்தது. 88 பேர் மாண்டனர். அவர்களுள் 56 பேர் இத்தாலியர். குடில்களைப் பனிக்கட்டியாற்றின் கீழே அமைத்தது ஏன் என்னும் கேள்வி நீதிமன்றம் வரையிற் சென்றது. குற்றஞ்சாட்டப்பட்டோர் அனைவரும் விடுவிக்கப்பட்டனர். அது அணைக்கட்டின் கதையே எனினும், மலையில் எழும் எந்தக் கட்டடத்திற்கும் பொருந்தும். இடத்தைத் தெரிவதே முதல் வேலை. அங்கே உறங்கப்போவோரின் உயிரும் அந்தத் தெரிவில் அடங்கியுள்ளது.

எண்பதுகளில் அகதிகளாக வந்த நம்மவரிற் பலருக்கு முதலிற் கிடைத்த தொழில் உணவகச் சமையலறையிற் கோப்பை கழுவுவதாகும். மலைநிலையங்களின் உணவகங்களும் அவற்றுள் அடங்கும். காலை முதல் ஊர்தியில் ஏறி, மாலைக் கடைசி ஊர்தியில் இறங்கியோரும், புயலில் ஊர்தி நின்ற இரவுகளில் மேலேயே தங்கியோரும் நம்மிடையே உள்ளனர். பயணி கண்ட மலை வேறு, அவர்கள் கண்ட மலை வேறு. தண்ணீர் எவ்வளவு அருமையானது, எஞ்சிய உணவையும் கழிவையும் கீழிறக்குவது எவ்வளவு கடினமானது என்பவற்றை எந்தக் கட்டடக்கலைஞரைக் காட்டிலும் அவர்கள் நன்கறிவர்.

நல்ல நிலையத்தின் இலக்கணம்

அண்மைக்காலத்தில் எழுந்த சில நிலையங்கள் பழைய பாடங்களைக் கற்றுக்கொண்டவை. சென்ற்காலன் மாநிலத்தின் தொக்கன்பூர்க் பகுதியில், 2,262 மீற்றர் உயரமான கேசர்றுக் மலையில், 1972 இற் கட்டப்பட்ட ஓர் உச்சி நிலையம் இருந்தது. 2015 இல் நிறைவுற்ற புதுக்கட்டடத்தை, பாசல் நகரின் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர்களான ஹேர்சோக், டி மொய்றோன் ஆகியோர் வடிவமைத்தனர். ஊர்தி வந்துசேரும் பழைய உருக்கு அமைப்பை இடிக்காமல் வைத்துக்கொண்டு, அதனருகே நீண்ட கூரையின் கீழ் மரத்தால் மண்டபம் எழுப்பினர். அப்பகுதித் தச்சர்களின் கைவண்ணம் அதில் உள்ளது. கட்டடப் பொருள்களை ஏற்றுவதற்கு ஏற்கெனவே இருந்த ஊர்தியே பயன்பட்டது. உள்ளதைக் காப்பது, ஊரிலுள்ள கைத்தொழிலைப் பயன்படுத்துவது, புதிய வீதி வெட்டாதிருப்பது ஆகிய மூன்றையும் அங்கே ஒருங்கே காணலாம்.

சிறிய மற்றர்ஹோர்னில் 2009 இல் திறக்கப்பட்ட உணவகக் கட்டடத்தின் தென்புறச் சுவரிற் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் பெறும் தகடுகள் பதிக்கப்பட்டுள்ளன. உயர்மலையில் வெயில் கூர்மையானது. குளிரில் அத்தகடுகள் மேலும் திறம்பட இயங்கும். சுற்றியுள்ள பனியும் ஒளியைத் திருப்பியனுப்பும். தகடுகளைச் செங்குத்தாகப் பதித்தமையாற் பனி அவற்றின் மேல் தங்குவதில்லை.

அடிவார நிலையத்திற்கும் இலக்கணம் உண்டு. மலையுச்சியில் எவ்வளவுதான் சிக்கனமாகக் கட்டினாலும், கீழே ஆயிரம் மோட்டார் வண்டிகள் வந்து நின்றால் அச்சிக்கனத்தாற் பயனில்லை. 2020 இல் கிறின்டெல்வால்டிற் புதிய ஊர்தி திறக்கப்பட்டபோது, அடிவாரத்திலே புகையிரதத் தரிப்பிடமும் சேர்த்தே அமைக்கப்பட்டது. அவ்வூர்தி ஐகர் மலையின் முன்னே செல்வதாற் காட்சியைக் கெடுக்கும் எனப் பலர் வருந்தினர். வாகனத்தை விட்டுப் புகையிரதத்தில் வருவோர் பெருகுவர் என வேறு பலர் வரவேற்றனர். இரண்டிலும் நியாயம் உண்டு.

சட்டமும் மாறியுள்ளது. 1966 ஆம் ஆண்டின் இயற்கை, மரபுரிமைப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்புச் சங்கங்களுக்கு மேன்முறையீடு செய்யும் உரிமையை வழங்கியது. 1983 ஆம் ஆண்டின் சுற்றாடற் பாதுகாப்புச் சட்டம், பெருந்திட்டங்களுக்கு முன்கூட்டியே சுற்றாடல் தாக்க ஆய்வு வேண்டுமென்றது. 2006 இல் நிறைவேறிய ஊர்திச் சட்டம், நிரந்தரமாக நிறுத்தப்பட்ட ஊர்தியின் அமைப்புகளை உரிமையாளர் தம் செலவிலேயே அகற்றவேண்டும் என விதிக்கின்றது. வெற்றர்ஹோர்ன் ஊர்தி நின்று நூறாண்டு ஆகுமுன், கைவிடப்படும் நாளையும் எண்ணிப் பார்க்கும் அறிவு சட்டமாகிவிட்டது.

கட்டுவதோடு கடமை முடிவதில்லை. 2021 மே மாதத்தில் வட இத்தாலியின் மொற்றரோனே மலையில் இழுவை வடம் அறுந்தது. அத்தருணத்தில் ஊர்தியைப் பிடித்து நிறுத்தவேண்டிய அவசரத் தடுப்பு, இயங்காதவாறு முன்னரே முடக்கப்பட்டிருந்தது. 14 பேர் மாண்டனர். ஒரு சிறுவன் மட்டும் உயிர்தப்பினான். வடத்தைக் கண்டுபிடித்த அல்பேர்ட், அறுந்த ஒரு கம்பியைக் கண்ணால் கண்டு வடத்தை மாற்றலாம் என்றே அதனை முறுக்கினார். காண்பதற்கு மனிதர் இல்லையேல், அல்லது கண்டும் வருமானத்திற்காக ஓட்டினால், எந்த வடமும் பயன்படாது. நிலைத்து நிற்கும் நிலையம் என்பதன் முதற்பொருள், ஒவ்வொரு நாளும் ஒழுங்காகப் பராமரிக்கப்படும் நிலையம் என்பதே.

ஊருக்கு உதவும் ஊர்தி

கம்பிவட ஊர்தி என்றதும் உல்லாசப் பயணமே நம் நினைவுக்கு வருகின்றது. ஆனால் வாலிஸ் மாநிலத்தின் பெற்மரல்ப், பேர்ண் மாநிலத்தின் கிம்மெல்வால்ட் போன்ற ஊர்களுக்குப் பொதுப் போக்குவரத்து வீதி இல்லை, ஊர்தியே வீதி. பாடசாலைப் பிள்ளையும், தபாலும், பாண் மூடையும், நோயாளியும் அதிலேயே செல்வர். ஊரி மாநிலத்தில் ஒன்றிரண்டு பண்ணைவீடுகளுக்கென்றே ஓடும் சிறு ஊர்திகள் பல உள்ளன. அவற்றின் நிலையங்கள் ஒரு மரக்கொட்டிலளவே இருக்கும். அவற்றைக் குறித்து எவரும் நூல் எழுதுவதில்லை. மலையக மக்கள் ஊரைவிட்டுக் கீழிறங்கிவிடாமல் தம் நிலத்திலேயே வாழ்வதற்கு அவையே துணை. ஒருவர் தம் ஊரில் வாழ்வதற்கு உதவும் கட்டடத்தின் மதிப்பை, ஊரைவிட்டு வந்த நாம் குறைத்து மதிப்பிடமாட்டோம்.

மலைப்பயணம் செலவு மிக்கது என்பதை நாம் அறிவோம். எனினும் அரைக்கட்டண அட்டை பெரும்பாலான மலையூர்திகளிற் செல்லுபடியாகும் என்பதைப் பெற்றோர் மனங்கொள்க. அடுத்த விடுமுறையிற் பிள்ளைகளோடு மேலே செல்லும்போது, சிகரத்தைக் காட்டுமுன் நிலையத்தைக் காட்டுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகின்றது, கழிவு எங்கே செல்கின்றது, தூண்கள் எதன்மேல் நிற்கின்றன, தரைக்கும் பாறைக்கும் இடையே வெளி உண்டா என அவர்களே கேட்டறியட்டும். அங்கு பணிபுரிவோர் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு விடை சொல்வர். தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்கள் இதனை ஒரு கட்டுரைப் பயிற்சியாகவும் கொடுக்கலாம். பிள்ளைகள் டொச்சு மொழியிற் கேட்டு வந்த விடைகளைத் தமிழில் எழுதட்டும். அவற்றிற் சிலவற்றையேனும் இப்பத்திரிகையிற் படிக்கும் ஆவலோடு உள்ளோம்.